பேக்கரி மாஸ்டர் காலுக்கு யார் கணக்கில் ஷூ?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பில் பேக்கரி என்று பார்த்துவிட்டு ப்ளம் கேக் செய்முறை தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது செருப்பைப் பற்றிய பதிவு. சரியாகச் சொன்னால், பேக்கரியில் வேலை பார்ப்பவர்கள் காலில் என்ன இருக்க வேண்டும், அதற்கு யார் காசு கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

"பி.காம். படிக்கிற பையனுக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று கேட்பீர்கள். இது பி.காம். படிக்கிறவன் பேச வேண்டிய விஷயம்தான். ஏனென்றால் இது மனிதாபிமானப் பிரச்சனை என்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் பிரச்சனை. ஒரு செலவு எந்தப் பேரேட்டில் ஏற வேண்டுமோ அதில் ஏறாமல் வேறு ஒருத்தர் தலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இங்கே கேட்கப் போகிறேன்.

கோயம்புத்தூரில் பேக்கரி இல்லாத தெரு இல்லை. முன்னால் டீ பாய்லர், நடுவில் கண்ணாடிப் பெட்டி, பின்னால் அடுப்பறை. நாம் பார்ப்பது முதல் இரண்டும்தான். மூன்றாவது இடத்துக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். பத்துப் பேர் இருந்தால் அதில் பாதிக்கு மேல் ரப்பர் செருப்பு. ரெண்டு பேர் வெறுங்கால். ஒருத்தர் எப்பவோ வாங்கின, அடி தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ. இதுதான் நான் போய்ப் பார்த்த நாலைந்து கடைகளிலும் நிலைமை.

சரி, தரையில் என்ன இருக்கிறது? மைதா. உலர்ந்த மாவு டைல்ஸ் மேல் மெல்லிசாகப் படிந்தால் கேரம் போர்டில் பவுடர் போட்ட மாதிரிதான். அதில் தண்ணீர் பட்டால் பசை. இதோடு டால்டா, எண்ணெய், உடைந்த முட்டை, சிந்தின ஜீரா. இந்தத் தரை மேல்தான் ஒரு மனுஷன் இருநூறு டிகிரி சூட்டிலிருந்து எடுத்த ட்ரேயை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓவனிலிருந்து ராக்குக்கு நடக்கிறார். வழுக்கினால் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை கிடையாது. கை இரண்டிலும் ட்ரே இருக்கிறது. இதை ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறார்.

இது போதாதென்று நிற்பது வேறு. பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயத்தில் அதற்கும் மேல். சிமெண்டு தரையிலோ டைல்ஸிலோ தேய்ந்த ரப்பர் செருப்போடு இத்தனை நேரம் நின்றால் குதிகால் வலி, கால் வீக்கம், முதுகு வலி வரும். நரம்பு சுருட்டிக்கொள்கிற பிரச்சனைக்கும் நீண்ட நேரம் நிற்பது ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஐ.சி.எம்.ஆரின் பெரிய ஆய்வு 2023ல் வெளியானபோது இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்றது. அவர்களில் பேக்கரிகளில் நிற்பவர்களும் உண்டுதானே? சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு பட்டாலும் உடனே தெரியாது. தெரியும்போது புண் ஆகியிருக்கும். அந்தப் புண் சீக்கிரம் ஆறவும் ஆறாது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். பேர் வேண்டாம், கடை பேரும் வேண்டாம். பதினாறு வருஷமாக பேக்கரி வேலை, இப்போது மாஸ்டர். 2023 தீபாவளிக்கு முன் ஒரு நாள், தேன் கேக்குக்கு ஊற்றுகிற சர்க்கரைப் பாகுப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது கால் வழுக்கியிருக்கிறது. பாகு வலது பாதத்தில் கொட்டிவிட்டது. காலில் இருந்தது வார் வைத்த ரப்பர் செருப்பு. கொதிக்கிற பாகு தண்ணீரை விடச் சூடு, அதோடு அது வழிந்து ஓடாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். செருப்பு வாரும் தோலும் ஒன்றாகிப் போச்சு.

22 நாள் வீட்டில் இருந்தார். அவர் நாள் கூலி 700 ரூபாய். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. ஆக 15,400 போச்சு. ஆஸ்பத்திரி, மருந்து 6,000. முதலாளி வந்து பார்த்தார், 2,000 ரூபாய் கையில் கொடுத்தார், "பார்த்து இறக்கக் கூடாதாப்பா?" என்றார். கெட்ட மனுஷன் எல்லாம் இல்லை. நல்லவர்தான். அதுதான் பிரச்சனையே. நல்லவர்களுக்கே இது "பார்த்து இறக்க வேண்டிய" விஷயமாகத்தான் தெரிகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அண்ணனுக்கு நஷ்டம்: 15,400 + 6,000 – 2,000 = 19,400. முதலாளிக்கு? பண்டிகை நேரத்தில் பதிலுக்கு வந்த மாஸ்டருக்கு நாள் கூலி 900. அதாவது தினம் 200 அதிகம், 22 நாளுக்கு 4,400. கொடுத்த 2,000ஐயும் சேர்த்தால் 6,400. ஒரு நல்ல ஷூ 1,500 ரூபாய் என்று வைத்தால், நாலு ஜோடி வாங்கிவிட்டு மிச்சக் காசில் டீ சாப்பிட்டிருக்கலாம் :-)

அந்தக் கடையில் அப்போது 12 பேர் வேலை பார்த்தார்கள். யாருக்கும் இ.எஸ்.ஐ. கிடையாது. பத்துப் பேருக்கு மேல் வைத்து மெஷின் ஓட்டி உற்பத்தி செய்கிற இடத்தில், மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. பதிவு இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியம் இலவசம், வீட்டிலிருந்த நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம். ஆனால் அது தனிப் பதிவுக்கான விஷயம். இப்போது ஷூவுக்கே வருவோம்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான்கு பதில்கள் வரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பதில் 1: "அடுப்பறைக்குள்ள செருப்பா? அன்னம் இருக்கிற இடம்ங்க."

இது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. எங்கள் வீட்டிலும் சமையல்கட்டுக்குள் செருப்புக் காலோடு போனால் பாட்டி கரண்டியைத் தூக்குவார். ஆனால் வீட்டுச் சமையல்கட்டில் 50 கிலோ மைதா மூட்டை கிடையாது, பாகு அண்டா கிடையாது. தெருவில் நடந்த செருப்பு உள்ளே வரக் கூடாது என்பதுதானே அந்த வழக்கத்தின் அர்த்தம்? சரி, வர வேண்டாம். கடைக்கென்று தனி ஷூ, கடையிலேயே வைத்து, கழுவி, கடைக்குள் மட்டும் போடுவது. இது பாட்டியின் சட்டத்துக்கும் பொருந்தும், அரசாங்கச் சட்டத்துக்கும் பொருந்தும். வெறுங்காலின் வியர்வையும் வெடிப்பும் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நடப்பது மட்டும் சுத்தமா என்ன?

பதில் 2: "வாங்கிக் கொடுத்தாலும் போடறதில்லைங்க."

உண்மை. ஏன் போடுவதில்லை என்று கேட்டீர்களா? எல்லாருக்கும் எட்டாம் நம்பரில் ஒரே மாதிரி கறுப்பு கம் பூட்ஸ் வாங்கி ஒரு மூலையில் போட்டால் யார் போடுவார்கள்? ஓவன் சூட்டில் அது காலை அவித்துவிடும். கவுண்டரில் நிற்கிற அக்காவுக்கு ஆம்பளை சைஸ் ஷூ கொடுத்தால் அவர் எப்படி நடப்பார்? போடுகிறவரைக் கேட்காமல் வாங்கின ஷூ மூலையில்தான் கிடக்கும். அது அவர் தப்பு இல்லை, வாங்கினவர் தப்பு.

பதில் 3: "இருக்கிற மார்ஜின்ல இதெல்லாம் முடியாது."

இதுதான் நம்ம ஏரியா. 12 பேர். ஆளுக்கு வருஷம் இரண்டு ஜோடி. ஜோடி 1,500 ரூபாய். மொத்தம் 36,000. கடை வருஷத்தில் 360 நாள் திறந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 100 ரூபாய். எக் பஃப்ஸ் 25 ரூபாய் என்றால் நாலு பஃப்ஸ். சாயங்காலம் விற்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்து போகிற பஃப்ஸே அதற்கு மேல் இருக்கும். 2025 செப்டம்பர் 22லிருந்து 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம்தான். இது தொழிலுக்கான செலவு, லாபத்தில் கழித்துக்கொண்டுதான் வருமான வரியும் கட்டப் போகிறீர்கள். பிறகென்ன?

பதில் 4: "ஷூவை வாங்கிக்கிட்டு அடுத்த மாசமே வேற கடைக்குப் போயிடுவான்."

போகட்டுமே! 1,500 ரூபாய் நஷ்டம். பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாமல், ஆள் நிற்காத கடையில் ஏன் நிற்கவில்லை என்று யோசிக்க வேண்டியது ஆள் இல்லை, கடை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். இது ஏதோ முதலாளியின் பெருந்தன்மை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகள் 2011ல் நான்காவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய உணவுத் தொழில், உணவைக் கையாளுகிற எல்லாருக்கும் சுத்தமான பாதுகாப்பு உடை, தலையுறை, கையுறை, அதோடு காலணியும் "கொடுக்க வேண்டும்", அதைத் தினமும் போடுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கவனியுங்கள், "தொழிலாளி போட்டு வர வேண்டும்" இல்லை, "தொழில் கொடுக்க வேண்டும்". கடைச் சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களே ஒரு லைசென்ஸ், அதை வாங்கும்போதே ஒத்துக்கொண்ட விஷயம் இது.

தொழிற்சாலைச் சட்டம் 1948ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 32ஆம் பிரிவில் தரை வழுக்கும் பொருட்கள் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருந்தது. 114ஆம் பிரிவில் சட்டப்படி கொடுக்க வேண்டிய சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று இருந்தது. அதற்குப் பதிலாக வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு 2020, 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடங்களுக்கு அது பொருந்தும். அதன் 6ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது: வேலையிடப் பாதுகாப்புக்காகச் செய்கிற எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது. இங்கிலாந்தில் இதே விஷயத்தை 1974 சட்டத்தின் 9ஆம் பிரிவில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2021ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். கேரளா அதற்கு முன்பே, 2018ல், செய்துவிட்டது. நாள் முழுக்க நிற்கிறவரின் கால் ஒரு சட்ட விஷயம் என்று நம் சட்டசபையே ஒத்துக்கொண்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? நாற்காலி வரைக்கும் வந்தாச்சு. இன்னும் ஒரு அடி கீழே இறங்கினால் செருப்பு.

சரி, எந்த ஷூ? வாங்குகிறவர்களுக்கும் வாங்கச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மேல்பக்கம்: முன்னும் பின்னும் மூடியிருக்க வேண்டும். வலை வைத்த ஸ்போர்ட்ஸ் ஷூவும் கேன்வாஸும் வேண்டாம். சூடான எண்ணெயும் பாகும் துணிக்குள் ஊறி உள்ளேயே தங்கிவிடும். ஓட்டை போட்ட கிளாக்ஸும் அதே கதைதான். தோல், அல்லது தண்ணீர் ஊறாத செயற்கைத் தோல் நல்லது. கயிறு இல்லாமல் மாட்டுகிற மாதிரி இருந்தால், சூடு கொட்டினால் ஒரு நொடியில் உதறிவிடலாம். குதிகால் மட்டும் உள்ளே ஆடாமல் பிடிக்க வேண்டும்.

அடிப்பக்கம்: கெட்டி பிளாஸ்டிக் அடி வேண்டாம். எண்ணெய் தாங்குகிற ரப்பர் அடி வேண்டும். மலையேறுகிற ஷூ மாதிரி பெரிய பெரிய பள்ளம் இருந்தால் பிடிப்பு அதிகம் என்று நினைப்போம். பேக்கரியில் அந்தப் பள்ளத்துக்குள் மாவு அடைத்து, அரை மணியில் அடி வழவழப்பாகிவிடும். சின்னச் சின்னக் கோடுகளாக, ஓரம் வரை திறந்திருக்கிற வரிதான் சரி. தொழில்முறை ஷூ என்றால் ஐ.எஸ். 15298 நாலாம் பாகம், அல்லது வெளிநாட்டு முத்திரை ஐ.எஸ்.ஓ. 20347 இருக்கிறதா என்று பாருங்கள். வழுக்கல் சோதனைக்குப் பழைய ஷூக்களில் எஸ்.ஆர்.சி. என்றும், 2022 திருத்தத்துக்குப் பிறகு வந்தவற்றில் எஸ்.ஆர். என்றும் குறி இருக்கும். "நான் ஸ்லிப்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டியில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

இரும்பு முன்பாகம் வேண்டுமா: எல்லாருக்கும் வேண்டாம். மைதா மூட்டை இறக்குகிறவர், ராக் தள்ளுகிறவர், மெஷின் நகர்த்துகிறவருக்கு வேண்டும். டேபிளில் ஐசிங் போடுகிறவருக்கு அது வெறும் சுமை. பத்து மணி நேரம் நிற்கிறவருக்கு நூறு கிராம் குறைந்தாலும் அது லாபம்.

அளவு: சாயங்காலம் போட்டுப் பார்க்க வேண்டும். நின்று வேலை பார்த்தால் கால் வீங்கும், காலையில் சரியாக இருந்தது மாலையில் கடிக்கும். விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே கழற்றிக் கழுவுகிற மெத்தை இருந்தால் நல்லது, அது அமுங்கிப் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

இரண்டு ஜோடி: அடுப்பறையில் வியர்வை நிற்காது. ஒன்று காய, ஒன்று போட. இல்லையென்றால் சேற்றுப்புண்தான். இரண்டு ஜோடிக் கணக்கை மேலே போட்டதும் இதற்காகத்தான், தாராள மனசு காட்ட இல்லை.

மாற்றுவது: அடி வரிகள் தேய்ந்து சமமானால் ஷூ முடிந்தது. மேலே பளபளவென்று இருந்தாலும் முடிந்தது.

ஒரு விஷயம். ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தரையை அப்படியே விடுவதும் ஏமாற்றுதான். மாவை முதலில் காய்ந்தபடியே வாரி எடுத்துவிட்டுப் பிறகு ஈரத் துணி போட வேண்டும். எண்ணெய் சிந்தினால் அந்த நிமிஷமே துடைக்க ஒருத்தருக்குப் பொறுப்பு வேண்டும். ஒரே இடத்தில் நிற்கிற டேபிளுக்குக் கீழே ரப்பர் பாய் வேண்டும். ஷூ என்பது கடைசி வேலி. முதல் வேலி தரைதான். இரண்டுமே கடைக்காரர் கையில்தான் இருக்கிறது, நடந்து போகிறவர் கையில் இல்லை.

வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தைக்கிற ஷூக்கள் ஐரோப்பா வரைக்கும் போகின்றன. தோலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1948லிருந்து சென்னையில் இருக்கிறது. உலகத்துக்கே ஷூ தைத்துத் தருகிற மாநிலத்தில், நமக்கு பன் சுட்டுத் தருகிறவர் வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்போடு நிற்கிறார்.

கடைசியாகக் கணக்குக்கு வருகிறேன். உற்பத்திச் செலவில் மாவு இருக்கிறது, கேஸ் இருக்கிறது, ஓவனுக்குத் தேய்மானம் இருக்கிறது, கேக்குக்கு அடியில் வைக்கிற பேப்பர் கூட இருக்கிறது. மாஸ்டர் காலுக்கு அடியில் வைக்க வேண்டியது மட்டும் இல்லை. அது இல்லாததால் செலவு மறைந்துவிடவில்லை. அந்த அண்ணன் வீட்டில் 19,400 ஆக உட்கார்ந்திருக்கிறது. கடைப் பேரேட்டில் எழுதாத செலவை யாரோ ஒருவர் உடம்பில் எழுதுகிறார்கள். இதைக் கண்டுகொள்ளாத காஸ்ட் ஷீட் எவ்வளவு டேலி ஆனாலும் தப்புக் கணக்குதான்.

நம்ம கிளாஸிலேயே பேக்கரி, ஸ்வீட் ஸ்டால், மெஸ் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். அப்பாவிடம் பேசிப் பாருங்கள். சட்டத்தைச் சொல்ல வேண்டாம், நாலு பஃப்ஸ் கணக்கைச் சொல்லுங்கள், அது சீக்கிரம் புரியும். மற்றவர்கள் நாளைக்கு ஆடிட்டர் ஆபீஸ் போவீர்கள், கடைக் கணக்குகள் உங்கள் மேஜைக்கு வரும். ஊழியர் நலச் செலவு என்ற வரியில் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் மட்டும் இருந்தால், "காலணி எங்கே சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு ஃபீஸ் கிடையாது.

டிஸ்கி: எக் பஃப்ஸ் விலை உங்கள் ஊரில் 25 ரூபாய் இல்லையென்றால் அதற்குத் தகுந்த மாதிரி கணக்கை மாற்றிக்கொள்ளவும். எப்படிப் போட்டாலும் ஷூவை விடக் கால் விலை அதிகமாகத்தான் வரும்.